ஐம்பது நிமிட ஆகாயம்

தேரிமங்கலத்துக்கு விமான நிலையம் வந்த பிறகு அந்த ஊர்க்காரன் ஒருத்தனும் நேராகப் பார்த்து நடந்ததில்லை என்று சங்கரவடிவு சொல்லுவாள், சொல்லும்போதே அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். இத்தனைக்கும் என்ன பெரிதாக வந்துவிட்டது, ஒரு ஓடுபாதை, அதன் ஓரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு கூடம், காலையில் ஒன்பது மணிக்கு ஒரு விமானம். அந்த விமானமும் சீமைக்கா போகிறது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொடிமலைக்குப் போகிறது, அங்கேயும் இதே மாதிரி ஒரு தகரக்கூரை, இதே மாதிரி அண்ணாந்து பார்க்கிற ஒரு கூட்டம், அங்கிருந்தும் அதே ஒன்பது மணிக்கு ஒரு விமானம் இங்கே கிளம்பி வரும். கூடத்து வாசலில் ஒரு நீலப் பலகை இருந்தது. தேரிமங்கலம் – கொடிமலை, வான்வழித் தொலைவு இருநூற்று நாற்பது கிலோமீட்டர், பயண நேரம் ஐம்பது நிமிடம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் ஊரில் கிடையாது, விமானத்தில் ஏறாதவர்களும் எடுத்துக்கொண்டார்கள், எடுத்த படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள், பெட்டியில் ஒட்டின சீட்டைக் கிழிக்காமல் அந்தப் பெட்டியோடு காய்கறி வாங்கப் போனவர்களும் இருந்தார்கள். சங்கரவடிவுக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கக் குமட்டும். குமட்டி என்ன செய்ய, அவள் வீட்டிலேயே அப்படி ஒரு ஆள் இருந்தார்.

அவள் புருஷன் ஆவுடையப்பன் பஜாரில் பெயிண்டுக் கடை வைத்திருந்தவர், மற்ற காரியங்களில் கெட்டிக்காரர்தான், ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தே கலப்படத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் ஒற்றை மகள் பாகம்பிரியாளுக்கு வரன் பார்த்தபோது ஒரு வீட்டார் ரயிலில் வந்தார்கள், ஒரு வீட்டார் காரில் வந்தார்கள், கொடிமலைப் பாத்திரக்கடைக்காரர் வீட்டார் விமானத்தில் வந்து இறங்கினார்கள், அதோடு ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு என்ன படிப்பு, என்ன குணம், வாயில் வெற்றிலையா வேறு ஏதாவதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏட்டி வடிவு, பிளேன்ல வந்திருக்காவ," என்று அடுக்களைக்குள் வந்து காதோடு சொன்னார்.

"பருந்துகூடத்தான் ஆகாசத்துல வருது. அதுக்குக் கட்டிக் குடுப்பீங்களா?" என்றாள் சங்கரவடிவு.

கட்டிக் கொடுத்தார்கள். தாலி ஏறின அன்றைக்கே மாமியார்க்காரி ஒரு நிபந்தனை வைத்தாள், எங்க வீட்டு மருமக போக வர எல்லாம் பிளேன்தான், பஸ்ஸுல ஏத்தி எங்க மானத்தை வாங்கிராதீங்க என்று. பிளேனுக்கு ஏற வேண்டுமென்றால் நாலு பேர் வழியனுப்ப வேண்டும், இறங்கினால் நாலு பேர் மாலையோடு நிற்க வேண்டும், அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டும், இப்படிப் பார்த்துப் பார்த்து வருஷத்துக்கு ஒரு தரம் மகள் முகம் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒன்றே ஒன்று கண்ணே கண்ணு என்று வளர்த்த பிள்ளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஐம்பது நிமிடத் தூரம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார்கள், பெற்றவளுக்கு மட்டும் ஒரு வருஷத் தூரம். அந்த வயிற்றெரிச்சல்தான் அவள் வாயில் வசையாக வந்தது.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற மரியபுஷ்பம் வாளி எடுப்பதற்காக மூலையில் இருந்த சாமான் அறைக் கதவைத் திறந்தாள், அறையைக் காணோம், வாளியையும் காணோம், கொடிமலை விமான நிலையத்துக் கூடம்தான் இருந்தது. அவள் ஒரு எட்டு எடுத்து வைத்து உள்ளே போனாள். அங்கே நின்ற காவலாளி யாரம்மா நீ என்று கேட்டான், அவள் வாளி எங்கே என்று கேட்டாள், அவன் ஒரு வாளியை எடுத்துக் கொடுத்தான், அவள் திரும்பி வந்து தரையைக் கழுவி முடித்தாள். கொடிமலை என்று பெயர் எழுதின வாளி தேரிமங்கலத்தில் கிடப்பதைப் பார்த்துத்தான் மேனேஜர் ரவீந்திரநாதனுக்கே விஷயம் தெரிந்தது. அவர் முதலில் விசாரித்தது அந்த வாளி யார் கணக்கில் வரும் என்பதைத்தான். இருநூற்று நாற்பது கிலோமீட்டர் எங்கே போய்விட்டது என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் அந்தக் கதவு வழியாகப் போய்க் கொடிமலையில் டீ குடித்துவிட்டு வந்து, டீ நன்றாக இல்லை என்று சொன்னார்கள். கொடிமலைக்காரர்கள் பாதிப் பேர் இங்கே வந்து பரோட்டா தின்றுவிட்டு, எண்ணெய் அதிகம் என்று சொல்லிப் போனார்கள். ஒரு அதிசயத்தை இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே நாளில் இந்த லட்சணத்தில் ஜீரணித்துவிட்டதைப் பார்த்து சங்கரவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டு அடுத்த நாள் அவளும் போனாள், தூக்குவாளியில் மகளுக்குப் பிடித்த சுண்டைக்காய்க் குழம்போடு, ஒரே எட்டில்.

பாகம் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "எப்படிம்மா வந்த, பிளேன்லதான?" என்று கேட்டாள். "கதவு வழியா," என்றாள் சங்கரவடிவு. மகளின் முகம் சுருங்கியது. "அத்தைகிட்ட பிளேன்னே சொல்லிரும்மா," என்றாள்.

ஏனென்றால் அதற்குள்ளேயே விமானத்தில் போகிறவர்களுக்கு நெஞ்சு கொதிக்க ஆரம்பித்திருந்தது. டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்து ஐம்பது நிமிடம் பறந்து போய் இறங்கினால், பக்கத்து வீட்டுக்காரன் கைலியோடு அங்கே நின்று பல் குத்திக்கொண்டிருக்கிறான், இதை எந்த மானமுள்ள மனுஷன் தாங்குவான். முன்னாள் சேர்மன் பலவேசம் தலைமையில் ஒரு கூட்டம் போய் மேனேஜரிடம் முறையிட்டது. மேனேஜரும் யோசித்து ஒரு விதி போட்டார். கதவு வழியாகப் போகிறவர்கள் கதவுக்கு முன்னால் போட்டிருக்கிற இரும்பு நாற்காலியில் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்த ஒரு எட்டை எடுத்து வைக்கலாம். பயண நேரம் ஐம்பது நிமிடம் என்று பலகையில் எழுதியிருக்கிறது, பலகையை மாற்றுவதென்றால் டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டும், அதனால் பயணம்தான் பலகைக்குத் தக்கபடி இருந்தாக வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். வாரை எப்படி மாட்டுவது என்று காட்ட ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவசரத்துக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் அவள் கையை நீட்டிக் காட்டுவாள், அவள் காட்டுகிற இடத்தில் சுவர்தான் இருக்கும்.

சங்கரவடிவு அந்த ஐம்பது நிமிடத்தையும் ஒழுங்காக உட்கார்ந்தாள், விதிக்குப் பயந்து அல்ல, வீட்டில் மாதிரி ஏட்டி ஏட்டி என்று கூப்பிட ஆள் இல்லாமல் அவளுக்கு உட்காரக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். மற்றவர்கள் நாலு நாள் உட்கார்ந்தார்கள், ஐந்தாவது நாள் ஒருத்தன் கதவுக்குப் பக்கத்தில் நின்ற காவலாளி இசக்கிப்பாண்டியிடம் நான் யார் தெரியுமா என்று கேட்டான், இசக்கிப்பாண்டிக்குத் தெரியாது, ஆனாலும் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் யாரோ ஒருத்தராகிவிட்டார்கள். பால்காரர் யாரோ, ஜவுளிக்கடைக் கணக்கர் யாரோ, கணக்கருடைய மச்சினன் அதைவிடப் பெரிய யாரோ. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, கதவு காற்றில் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆகாயம் நீள ஆரம்பித்தது. உட்காராமல் போன ஒவ்வொருத்தன் விட்ட ஐம்பது நிமிடமும் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா, அது நேரே மேலே போய் விமானத்தின் வழியில் சேர்ந்தது. முதல் வாரம் விமானம் ஒன்றரை மணி நேரம் பறந்தது, ஆடி முடிவதற்குள் நாலு மணி நேரம், ஐப்பசியில் விடிந்து ஏறினால் பொழுது சாயத்தான் இறங்க முடிந்தது. அதே வேகம், அதே உயரம், ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் இல்லாத ஊரெல்லாம் ஜன்னலில் வந்தது, பேர் தெரியாத பொட்டல் வந்தது, ஒரு மலை வந்தது, மலைக்குப் பிறகு ஒரு கடல் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் கடல் கிடையாது. ஆனாலும் பயணிகள் பார்த்தார்கள், அலை அடித்தது, படகுகூட இருந்தது.

இது ஊருக்கே தெரியும். காவலாளி கண்டிப்பாக இருக்கிற நாளில் விமானம் சீக்கிரம் வரும், அவன் இளகின நாளில் தாமதமாக வரும், கூடத்து டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தவன் எவனுக்கும் புரிகிற கணக்குதான். ஒரு தரம் சங்கரவடிவு ஐம்பது நிமிடம் உட்கார்ந்து முடித்து எழுந்திருக்கையில் மகளிடமிருந்து போன் வந்தது, இன்னைக்கு வராதம்மா, வீட்டுல விருந்தாளிங்க இருக்காங்க என்று. அவள் வாரை அவிழ்த்துவிட்டு, குழம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பினாள். அன்றைக்கு விமானம் அதே ஐம்பது நிமிடம் முன்னால் வந்து இறங்கியது, காபியைப் பாதியில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பயணிகள் சண்டை போட்டார்கள்.

விமானம் தாமதமாவதற்குப் பயணிகள் கோபப்படுவார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். தேரிமங்கலத்துக்காரனைத் தெரியாதவர்கள்தான் அப்படி நினைக்க முடியும். "துபாய்க்கே நாலு மணி நேரம்தான், நாங்க எட்டு மணி நேரம் போறோம்," என்று மார்தட்டினார்கள். அதே காசுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு என்றார்கள். எங்கள் ஜன்னலில் கடல் வந்தது, உங்கள் ஜன்னலில் வந்ததா என்று விசாரித்துக்கொண்டார்கள். கதவு வழியாகப் போகிறவர்களுக்குக் கதவான் என்று பெயர் வைத்தார்கள், கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு வான்வழிக் குடும்பமா கதவுவழிக் குடும்பமா என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் காலையில் கதவானாக ஒரே எட்டில் போய்விட்டுச் சாயங்காலம் அவனே வான்வழிக்காரனாகப் பேசுவான். முன்னாள் சேர்மன் பலவேசம் ஒருபடி மேலே போய், ஜன்னலில் தெரிகிற பொட்டலை அளந்து மனை போட்டு, கடலுக்குப் பக்கம் என்று விற்கவே ஆரம்பித்துவிட்டார். வாங்கவும் ஆள் இருந்தது.

"த்தூ," என்றாள் சங்கரவடிவு.

தை பிறந்ததும் பாகம் மசக்கையாக இருக்கிறாள் என்று செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்துவிடலாம் என்று சங்கரவடிவு சொன்னாள். மாமியார்க்காரிக்கு ஏழாம் மாசத்தில் நல்ல நாள் கிடைக்கவில்லை, எட்டாம் மாசத்தில் மாலை போட வருகிற ஆள்களுக்கு வசதிப்படவில்லை, கடைசியில் ஒன்பதாம் மாசம் முடிகிற நேரத்தில் நாள் குறித்தாள், அதுவும் பிளேனில். டாக்டரிடம் கேட்டார்கள். அவர் எத்தனை நேரப் பயணம் என்று கேட்டார், இவர்கள் பலகையைப் படம் எடுத்துக் காட்டினார்கள், ஐம்பது நிமிடம்தானே, போகலாம் என்று அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சங்கரவடிவு கதவு வழியாகப் போய் மகள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "ஒரே எட்டுதான் பாகம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு வா. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள நம்ம வீட்டுல கிடக்கலாம்."

"கதவுலயாம்மா?" என்றாள் மகள். "வயித்துப் பிள்ளையோட கதவுல போனான்னு நாளைக்கு என் பிள்ளையைச் சொல்ல மாட்டாங்களா?"

சங்கரவடிவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள், வயிற்றைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள். அப்படியே அப்பாவை உரித்து வைத்த பிள்ளை. ஆவுடையப்பன் முதல் நாளே அழைத்து வருவதற்காக விமானத்தில் போய் இறங்கி, மாலையும் கழுத்துமாகச் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் ஏறின நாள் பெரிய முகூர்த்தம். பலவேசத்தின் அண்ணன் மகனுக்குக் கொடிமலையில் கல்யாணம், தேரிமங்கலமே பட்டு உடுத்திக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து தாம்பூலப்பையை வீட்டில் வைத்துவிட்டு மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. இசக்கிப்பாண்டியிடம் யாரும் நான் யார் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை, கேட்கிற நேரம் மிச்சம். சங்கரவடிவு ஆரத்தித் தட்டும், மகளுக்கு உடுத்திவிடப் புதுப் பட்டும், கை நிறையச் செவ்வந்திச் சரமும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து கூடத்தில் நின்றாள். நின்ற இடத்திலிருந்து, போகிற ஒவ்வொருத்தனையும் பார்த்துப் பார்த்து, இவன் ஐம்பது நிமிடம், இவள் ஐம்பது நிமிடம், இந்தத் தடியன் வடைக்காக மறுபடியும் ஐம்பது நிமிடம் என்று அவள் மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனாள். போகிற ஆள் அத்தனையும் அவள் மகள் தலைக்கு மேல் ஆகாயத்தை ஏற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மேனேஜர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். விமானியிடமிருந்து ரேடியோவில் செய்தி வந்திருக்கிறது, பொண்ணுக்கு வலி கண்டிருக்கிறது என்றார்.

"எப்ப இறங்கும்?"

"பதறாதீங்கம்மா. பயண நேரம் அம்பது நிமிஷம்தான்."

"காலையில ஒன்பது மணிக்கு ஏறுன பிள்ளைங்க. இப்ப மணி என்ன?"

"ரெண்டு."

"பெறகு?"

"அது காத்திருப்பு நேரம்மா. பயண நேரத்துல சேராது."

"வலி எந்த நேரத்துல சேரும்?" என்று கேட்டாள் சங்கரவடிவு. மேனேஜர் பலகையைப் பார்த்தார், பலகையில் அதற்குப் பதில் இல்லை. விமானி கண்ணுக்கு எட்டின மட்டும் கடல்தான் தெரிகிறது என்று சொன்னதாகவும், இந்தக் கணக்கில் போனால் இரண்டு நாள் ஆகலாம் என்றும் மெதுவாகச் சொன்னார்.

இரண்டு நாள். சங்கரவடிவு அப்படியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வாரைக் கட்டிக்கொண்டாள். அவள் ஒருத்தி உட்கார்ந்தால் ஐம்பது நிமிடத்துக்கு ஐம்பது நிமிடம்தான் குறையும், அதற்குள் கதவில் நாற்பது பேர் போயிருப்பார்கள். ஜென்மத்தில் எவனிடமும் கெஞ்சாத வாயைத் திறந்து, போகிறவர்களைக் கெஞ்சினாள். "என் பிள்ளை மேல துடிக்கா. ஒரு அம்பது நிமிஷம் உக்காருங்க, தாயி. ஐயா, ஒரே ஒரு அம்பது நிமிஷம்." எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள், ஒருத்தரும் உட்காரவில்லை. ஒருத்தருக்கு முழங்கால் மடக்க முடியாது, ஒருத்திக்குப் பட்டு கசங்கும், ஒருத்தர் பந்தி ஆறிவிடும் என்றார், இன்னொருத்தர் எல்லோரும் உட்கார்ந்தால் நானும் உட்காருவேன், நான் மட்டும் எதற்கு என்றார். அழுகை வந்தது அவளுக்கு, பொங்கிக்கொண்டு வந்தது, அதை உள்ளே தள்ளிவிட்டு இந்த மூஞ்சிகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவள் அவள், இவர்களிடம் இரக்கத்தைக் கேட்டது தன் தப்புதான் என்று அவளுக்குப் பட்டது.

வாரை அவிழ்த்து எழுந்து, மகளுக்கு வைத்திருந்த புதுப் பட்டை உதறி முன்வரிசை நாற்காலிகள் மேல் நீளமாக விரித்தாள். இரண்டு ஓரத்திலும் செவ்வந்திச் சரத்தைக் கட்டினாள். ஆரத்தித் தட்டை முன்னால் வைத்தாள். ஒரு ஓரத்தில் தான் மட்டும் உட்கார்ந்து வாரைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

முன்னாள் சேர்மன் பலவேசம் மூன்றாவது பந்திக்குப் போவதற்காக வந்தவர் பட்டைப் பார்த்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கமாப் போங்க," என்றாள் சங்கரவடிவு. "இது உங்களுக்கு இல்ல."

"எனக்கு இல்லையா?"

"பெரிய ஆளுகளுக்குப் போட்டிருக்கு. கதவுல போறவங்க போய்க்கிட்டே இருக்கலாம்."

"யார் சொன்னது?"

"மேலிடத்துல," என்று சொல்லி அண்ணாந்து பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை, அவள் மகள் அங்கேதான் இருந்தாள்.

பலவேசத்துக்கு முகம் கறுத்துச் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், வேட்டியை ஒதுக்கினார், பட்டு விரித்த நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்து வாரை இழுத்து மாட்டினார். "எவன் எழுப்புதான்னு பாப்போம்," என்றார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்கு எதிராகத் தேர்தலில் நின்றவர் உட்கார்ந்தார், அதைப் பார்த்து அவர் சம்சாரம், அதைப் பார்த்துப் பால்காரர், ஜவுளிக்கடைக் கணக்கர், கணக்கரின் மச்சினன் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசை நிறைந்ததும் இரண்டாம் வரிசைக்கு அடிதடி நடந்தது, இரண்டாம் வரிசை நிறைந்ததும் கல்யாண மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கதவு வழியாகக் கொண்டுவந்து போட்டு, வார் இல்லாதவர்கள் வேட்டி முனையை நாற்காலிக் கையில் முடிந்துகொண்டார்கள். எழுந்தால் இடம் போய்விடும் என்று ஒருத்தரும் அசையவில்லை, கதவு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆடாமல் நின்றது. பந்தியில் ஆளைக் காணோமே என்று கேட்க வந்த பெண் வீட்டார், வந்த வழிக்கு ஐம்பது நிமிடத்தை மேலே ஏற்றிவிட்டு, இந்தக் கூத்தைப் பார்த்து, நாங்கள் என்ன இளப்பமா என்று அவர்களும் உட்கார்ந்து அதை இறக்கினார்கள். சங்கரவடிவு நடுநடுவே திரும்பிப் பார்த்து, "பின்னாடி இருக்கவங்க எந்திரிச்சிருங்க, உங்களுக்கெல்லாம் கிடையாது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்கள்.

மேலே கடல் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டது என்று விமானத்தில் வந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். மலை தட்டையானது, பலவேசம் மனை போட்ட பொட்டல் ஓரத்திலிருந்து மடிந்து மடிந்து ஒன்றும் இல்லாமல் போனது. முதல் ஐம்பது நிமிடம் முடிவதற்குள்ளேயே ஓடுபாதையில் சக்கரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. சங்கரவடிவு உட்கார்ந்தபடியே வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

சக்கர நாற்காலியில் வைத்து மகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பின்னால் ஆவுடையப்பன் சீட்டு ஒட்டின பெட்டியோடு ஓடி வர, உள்ளே வந்த பாகம் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள், அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்தையும் பார்த்தாள்.

"அம்மா, கதவானுங்க நாற்காலியில ஏன் உக்காந்திருக்க?" என்றாள் வலிக்கு நடுவில். "எந்திரிம்மா, எல்லாரும் பாக்காங்க."

"எந்திரிச்சாச்சு," என்றாள் சங்கரவடிவு. "நீ படு."

பக்கத்தில் இருந்த பலவேசத்தை எழுந்திருக்கச் சொன்னாள். இன்னும் நேரம் ஆகவில்லையே என்றார் அவர். அவருடைய வாரைத் தன் கையால் அவிழ்த்து, தோளைப் பிடித்து எழுப்பி அந்தப் பக்கம் விட்டாள், அந்த வரிசையையே காலி செய்து, மகளுக்கென்று எடுத்த பட்டின் மேலேயே மகளைக் கிடத்தினாள். பெண்டுகள் நாலு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். மரியபுஷ்பம் டீக்கடையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தாள், கொடிமலை என்று எழுதின அதே வாளியில். வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, கூடமே கேட்கிற மாதிரி ஒரு அழுகை.

அழுகை நிற்பதற்குள் அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வலி ஆகாயத்தில்தான் கண்டது, அதனால் பிள்ளை வான்வழிதான் என்றார் ஆவுடையப்பன். பிறந்த இடம் கதவு நாற்காலி, அதனால் கதவுவழிதான் என்றார் பலவேசம், அவருக்கு மனை போன துக்கம். பலகையைப் பார்த்துச் சொல்லலாம் என்றார் மேனேஜர். குழந்தைக்கு மூக்கு இருக்கிறதா, கை கால் சரியா என்று ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. சங்கரவடிவு பேத்தியைத் தன் முந்தானையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "வழியை விடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸில் மகளோடு ஏறினாள்.

வண்டி தேரிமங்கலத்துச் சாலையில் குலுங்கிக்கொண்டு போனது. பாகம் கையை நீட்டிப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பிடித்து விரலோடு விரல் கோத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஏதோ சொல்ல வருகிறாள் என்று சங்கரவடிவு குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அம்மா, அத்தை கேட்டா பிளேன்லயே பொறந்துச்சுன்னு சொல்லிருவோமாம்மா?"

சங்கரவடிவு மகளைப் பார்த்தாள். வாய் நிறைய வந்துவிட்டது அவளுக்கு, ஊர் முழுக்க இத்தனை வருஷம் துப்பின அத்தனையும் ஒன்றாகத் திரண்டு நாக்கு நுனியில் நின்றது. மடியில் பிள்ளை கொட்டாவி விட்டது. அவள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, மகளின் நெற்றியில் ஒட்டின முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சொல்லு," என்றாள். "ஜன்னல் ஓரம்னு சேத்தே சொல்லு."

பாகம் கண்ணை மூடிக்கொண்டு, சரிம்மா என்று தலையாட்டினாள்.